போர்மட் அடிக்க முதல்

எங்கட வீட்டில் 1990க்கு முந்திய போட்டோ ஒன்றுகூட இருக்கவில்லை. தில்லையடியில் இது புதினமான கதை இல்லை. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான், அதற்கு அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அந்த வருஷம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது சுமார் 75,000 பேர் ஊர்விட்டு வந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். பிள்ளையைத் தூக்குவதா அல்பத்தைத் தூக்குவதா என்று யோசிக்க அந்த நேரம் காணாது.

2010இல் எங்கட வீட்டுக்கு முதல் கணினி வந்தது. கொழும்பில் ஒரு கந்தோர் கழித்துவிட்ட பழைய பென்டியம். உப்புக்காற்றுப் படும் என்று உம்மா அதற்குத் துணியில் ஒரு உறை தைத்துப் போட்டா. சாச்சா எங்கேயோ இருந்து ஒரு ஸ்கேனரை இரவல் வாங்கி வந்தார். அதிலிருந்து இரண்டு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. கொழும்பில் மாமி வீட்டில், குவைத்திலிருந்து வந்த கூட்டாளியிடம், யாழ்ப்பாணத்தில் உம்மாவோடு படித்த சினேகிதியிடம் என்று தேடித் தேடிப் பழைய போட்டோக்களை வாங்குவார், ஸ்கேன் பண்ணுவார், கவனமாகத் திருப்பிக் கொடுப்பார். அறுபதுக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்தது. வாப்பா உம்மாவின் கலியாணப் படம். சோனகத் தெருவில் உம்மும்மாவின் வீட்டு முன்வாசல். சின்ன வயதிலேயே மௌத்தான மாமாவின் ஒரே ஒரு படம். எல்லாம் டி டிரைவில், ‘வீடு’ என்ற போல்டரில் கிடந்தன.

2013இல் ஒரு நாள், டியூஷன் வகுப்பிலிருந்து வந்த பென்டிரைவ் ஒன்றைச் செருகினோம். அடுத்த நாள் டி டிரைவில் போல்டர் ஒன்றும் இல்லை. அதே பெயர்களில் ஷோர்ட்கட்டுகள் மட்டும் இருந்தன. கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். “வைரஸ் அடிச்சிட்டு. எல்லாம் போயிட்டு. போர்மட் அடிச்சாத்தான் சரி வரும்” என்றார்கள். சரி என்றோம். பின்னேரம் கணினி புத்தம் புதுசாக வந்தது. அன்பளிப்பாக டி டிரைவ் நிறையப் படமும் பாட்டும் கேமும் போட்டுத் தந்திருந்தார்கள். எங்களுக்கு அப்போது பத்துப் பதினொரு வயசு. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது. சாச்சா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

பல வருஷம் கழித்துப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு சிநேகிதியின் பென்டிரைவில் அதே வைரஸைப் பார்த்தோம். அறையில் இருந்த மூத்த அக்கா ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினா. பத்து விநாடியில் எல்லாப் பைல்களும் இருந்த இடத்திலேயே எழும்பி வந்தன. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்கட ‘வீடு’ அன்றைக்குப் போகவே இல்லை. மறைந்துதான் இருந்தது. அதை அழித்தது போர்மட். போர்மட்டுக்குச் சரி சொன்னது நாங்கள்.

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எங்களுக்குக் கணினி விஞ்ஞானம் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வியைக் காலவரிசையில் பின்னால் கொண்டுபோய்ப் பார்க்கத் தெரியும். வைரஸ் வந்தபோதெல்லாம் மனிசர் என்ன செய்தார்கள்? யார் அவசரப்பட்டு அழித்தார்கள், யார் நின்று பார்த்தார்கள்? தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

விலாசத்தோடு வந்த வைரஸ்

கதை 1971இல் தொடங்குகிறது. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில், பொப் தோமஸ் என்ற பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக நகரும் ‘கிரீப்பர்’ என்ற நிரலைச் செய்தார். அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அதைத் தேடி அழிக்க ‘ரீப்பர்’ என்ற இன்னொரு நிரலை எழுதியவர் ரே டொம்லின்சன். மின்னஞ்சல் முகவரியில் நாம் போடுகிற அந்தச் சுழித்த ‘அட்’ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் இவர்தான். முதல் வைரஸும் முதல் அன்டிவைரஸும் இப்படி ஒரே இடத்தில்தான் பிறந்தன.

‘வைரஸ்’ என்ற பெயர் 1980களில் நிலைத்தது. 1983இல் அமெரிக்காவில் பிரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர், ஒரு நிரல் மற்ற நிரல்களுக்குள் தன்னை ஒட்டிக்கொண்டு பரவலாம் என்று செய்து காட்டினார். அவரது பேராசிரியர் லெனார்ட் எடில்மன்தான் அதற்கு வைரஸ் என்று பெயர் சொன்னவர். கோஹன் இன்னொன்றையும் கணித முறையில் நிறுவினார்: எல்லா வைரஸையும் ஒன்றுவிடாமல், பிழையில்லாமல் கண்டுபிடிக்கிற ஒரு நிரலை எழுத முடியாது. இப்போதும் கடையில் “இதைப் போட்டா ஒரு வைரஸும் வராது” என்று யாரும் சொன்னால் கோஹனை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கிட்டிய கதை லாகூரில் நடந்தது. 1986இல் அங்கே பாஸித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற இரண்டு சகோதரர்கள் ‘பிரெய்ன்’ என்ற பெயரில் கணினிக் கடை நடத்தினார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ நிரலை ஆட்கள் களவாகக் கொப்பி அடிப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அப்படிக் கொப்பி அடிப்பவர்களைப் பிடிக்கத்தான் ஒரு சின்ன நிரலை எழுதினோம் என்று பிறகு சொன்னார்கள். ஐபிஎம் வகைத் தனிநபர் கணினிகளுக்குப் பரவிய முதல் வைரஸ் அதுதான். அதன் உள்ளே அவர்களின் பெயர், அல்லாமா இக்பால் டவுன் விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் இருந்தன. தடுப்பு மருந்துக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். வெளிநாடுகளிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கியதும் அவர்களே பயந்துபோனார்கள். பின்லாந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் மிக்கோ ஹிப்போனன் 2011இல் அந்த விலாசத்தைத் தேடிப் போனார். சகோதரர்கள் இருவரும் அதே இடத்தில்தான் இருந்தார்கள். அவர்களுடைய நிறுவனம் இணையச் சேவை வழங்குகிற நிறுவனமாக வளர்ந்திருந்தது.

பிரெய்ன் வேலை செய்த விதம் எங்கட கேள்விக்கு முக்கியம். பிளொப்பி டிஸ்க்கின் முதல் பகுதியில் கணினியைத் தொடக்கி வைக்கிற சிறு குறிப்பு ஒன்று இருக்கும். பிரெய்ன் அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டது. உண்மையான குறிப்பை அழிக்கவில்லை; டிஸ்க்கின் வேறொரு மூலைக்கு நகர்த்தி, அந்த மூலை பழுதான இடம் என்று அடையாளம் போட்டு வைத்தது. யாராவது முதல் பகுதியைப் படிக்கப் போனால், ஒளித்து வைத்த அசலை எடுத்துக் காட்டியது. ஆகவே பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கண்ணுக்குத் தெரிவதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒன்றில்லை என்ற வித்தை அந்த முதல் வைரஸிலேயே இருந்தது.

பயந்தவர்கள்

1989 டிசம்பரில், எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று தலைப்புப் போட்ட சுமார் 20,000 பிளொப்பி டிஸ்க்குகள் தபாலில் பல நாடுகளுக்குப் போயின. அனுப்பியவர் ஜோசப் பொப் என்ற அமெரிக்க உயிரியல் ஆய்வாளர். கிடைத்தவர்களில் கனபேர் மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும். டிஸ்க்கைப் போட்டுப் பார்த்த கணினி ஏறக்குறைய 90 தடவை நிறுத்தித் தொடங்கும் வரை ஒழுங்காக வேலை செய்யும். அதற்குப் பிறகு போல்டர்கள் காணாமல் போகும், பைல்களின் பெயர்கள் குழம்பும். 189 டொலரைப் பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பு என்று திரையில் வரும். இன்றைக்கு ‘ரான்சம்வெயார்’ என்று சொல்கிற கப்ப வைரஸ்களின் மூதாதை இது.

ஆனால் அது பைல்களின் உள்ளே கை வைக்கவில்லை. பெயர்களைத்தான் மாற்றியது, போல்டர்களைத்தான் மறைத்தது. ஜிம் பேட்ஸ் என்ற பிரித்தானியர் டிஸ்க்கைப் பிரித்துப் படித்து, எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவரும் நிரல்களை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அது வரும்வரை சிலர் பொறுக்கவில்லை. பயத்தில் தாங்களே டிஸ்க்கைத் துடைத்தார்கள். இத்தாலியில் ஒரு எயிட்ஸ் ஆய்வு அமைப்பு பத்து வருஷ வேலையை இப்படித் தன் கையாலேயே இழந்தது என்று அக்காலத்தில் செய்தி வந்தது.

இதை வாசித்த இரவு எங்களுக்குக் கடைக்குப் போன அந்தப் பின்னேரம்தான் ஞாபகம் வந்தது. இத்தாலியில் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர்களே அப்படிச் செய்தார்கள் என்றால் நாங்கள் எம்மாத்திரம் என்று ஒரு ஆறுதல். ஆறுதலோடு சேர்ந்து கோபமும் வந்தது.

நின்று பார்த்தவர்கள்

மற்றப் பக்கத்தில், அழிக்க முதல் நின்று பார்த்தவர்களின் வரிசை ஒன்று இருக்கிறது. 1987இல் ‘வியன்னா’ என்ற வைரஸை ஜெர்மனியின் பேர்ண்ட் பிக்ஸ் பிரித்துப் படித்து, அதை நீக்கும் நிரலை எழுதினார். வெளியே பரவிய வைரஸ் ஒன்றை நீக்கியதாகப் பதிவில் உள்ள முதல் சம்பவங்களில் அது ஒன்று. அடுத்த வருஷம் அதே வைரஸ் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் பாவெல் பௌடிஷ் என்பவரின் கையில் கிடைத்தது. அவரும் நீக்கும் நிரல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவாஸ்ட். 2001இல் அது வீட்டுப் பாவனைக்கு இலவசமானது. எங்கட ஊர்க் கணினிகளில் கனகாலம் அந்தச் செம்மஞ்சள் உருண்டை இருந்ததற்குக் காரணம் அதுதான். 1989இல் மொஸ்கோவில் தன் கணினியில் ‘கஸ்கேட்’ என்ற வைரஸைக் கண்ட எவ்கெனி கஸ்பெர்ஸ்கியும் முதலில் செய்தது அதைப் பிரித்துப் பார்த்ததைத்தான். அந்த வைரஸ் திரையில் உள்ள எழுத்துகளை இலை உதிர்வது போலக் கீழே கொட்டும்.

இந்தியாவில் நடந்த கதை எங்களுக்கு இன்னும் பிடித்தது. புனேயில் கைலாஷ் காட்கர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கல்குலேட்டர் திருத்தி, பிறகு கணினி திருத்தும் கடை போட்டவர். கடைக்கு வந்த கணினிகளில் வைரஸ்தான் பெரிய தொல்லை. தம்பி சஞ்சய்யைக் கணினி படிக்க வைத்தார். வாடிக்கையாளரின் கணினிகளைச் சுத்தம் செய்யத் தம்பி எழுதிய நிரல்தான் 1990களின் நடுப்பகுதியில் ‘குயிக் ஹீல்’ ஆனது. ஒரு திருத்தும் கடை, வருகிற எல்லாக் கணினிக்கும் போர்மட் அடித்துக் காசு வாங்கியிருக்கலாம். காட்கர் சகோதரர்கள் வேறு வழி தேடினார்கள்.

1999 ஏப்ரல் 26ஐ ஆசியாவில் கணினி வைத்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தாய்வான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்றைக்குத்தான் வெடித்தது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே திகதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் சொல்வார்கள். இது உண்மையாகவே அழிக்கிற வைரஸ். ஹாட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை வெறும் பூச்சியங்களால் நிரப்பியது. எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை இருப்பது அந்தத் தொடக்கத்தில்தான். பங்களாதேஷ் பொறியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மொனிருல் இஸ்லாம் ஷரீப் அதற்கு ‘எம்ரிகவர்’ என்ற மீட்பு நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அந்த அட்டவணைக்கு டிஸ்க்கில் இரண்டாவது பிரதி ஒன்று இருப்பது வழக்கம். கொஞ்சம் பெரிய டிஸ்க்குகளில் அந்தப் பிரதிவரை வைரஸ் போய்ச் சேரவில்லை. இரண்டாவது பிரதி எப்போதும் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

மறைத்ததும் மேலெழுதியதும்

எல்லா வைரஸும் மறைக்கத்தான் செய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2000 மே 4இல் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ இதைச் சரியாகக் காட்டுகிறது. காதல் கடிதம் என்று மின்னஞ்சலில் வரும். திறந்தால் உங்கட முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லாருக்கும் போகும். எழுதியவர் ஒனெல் டி குஸ்மான் என்ற கல்லூரி மாணவர். இணையத்துக்குக் காசு கட்ட முடியாதவர்களுக்காக மற்றவர்களின் கடவுச்சொல்லை எடுக்கும் யோசனையை அவர் ஆய்வேடாகக் கொடுத்து, கல்லூரி அதை நிராகரித்திருந்தது. பிலிப்பைன்ஸில் அப்போது அதற்குச் சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. பிரித்தானியப் பத்திரிகையாளர் ஜெஃப் வைட் பிறகு அவரைத் தேடிப் பிடித்தபோது அவர் மணிலாவில் போன் திருத்தும் சின்னக் கடை ஒன்றில் இருந்தார். வைரஸை எழுதியது தான்தான் என்று ஒத்துக்கொண்டார்.

அந்த வைரஸ் இரண்டு வகைப் பைல்களை இரண்டு விதமாக நடத்தியது. எம்பி3 பாட்டுகளை மறைத்து வைத்தது. அவற்றைத் திரும்ப எடுக்கலாம். ஜேபெக் போட்டோக்களின் மேல் தன்னையே எழுதியது. அவை போனது போனதுதான். ஒரே கணினியில், ஒரே வைரஸில், பாட்டு பிழைத்தது, படம் போனது. நின்று பார்க்காதவருக்கு இரண்டும் ‘எல்லாம் போயிட்டு’தான்.

எங்கட வீட்டுக்கு வந்தது பாட்டைப் போல மறைக்கிற வகை. விண்டோஸ் 95 காலத்திலிருந்து, சீடியைப் போட்டதும் தானாக ஓடும் ‘ஓட்டோரன்’ வசதி இருந்தது. பென்டிரைவ் பரவியதும் வைரஸ் எழுதியவர்கள் அந்தக் கதவால் நுழைந்தார்கள். 2008 முடிவில் பரவிய கொன்ஃபிக்கர் அந்த வழியையும் பாவித்தது. 2011 பெப்ரவரியில்தான் மைக்ரோசொஃப்ட் பழைய விண்டோஸுகளுக்கு இதை மூடும் திருத்தத்தைப் பரவலாக வெளியிட்டது. எங்கட கணினியில் ஓடியது கொப்பி அடித்த எக்ஸ்பி. திருத்தம் ஒன்றும் அதற்கு வந்து சேரவில்லை. இணையம் இல்லாத வீடு. படம், பாட்டு, பாஸ்ட் பேப்பர், கலியாண வீடியோ எல்லாம் கைமாறியது பென்டிரைவில். டியூஷன் வகுப்பு, போட்டோக் கொப்பிக் கடை, நெனசல நிலையம் என்று ஒரே பென் எல்லா இடத்துக்கும் போய் வந்தது. லாகூரில் பிளொப்பி செய்த வேலையை இங்கே பென் செய்தது.

ஷோர்ட்கட் வைரஸ் செய்வது சின்ன வேலை. உங்கட போல்டருக்கு ‘மறைந்தது’, ‘சிஸ்டத்துக்குரியது’ என்று இரண்டு அடையாளம் குத்தும். அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை வெளியே வைக்கும். நீங்கள் அதைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உண்மையான போல்டரையே திறந்து காட்டும். மறைந்த பைல்களைக் காட்டு என்று அமைப்பை மாற்றினாலும் சிஸ்டம் அடையாளம் உள்ளவை வெளியே வராது. அதற்கு வேறொரு தெரிவு இருக்கிறது. அதனால்தான் தேடியவர்களும் இல்லை என்று முடிவு கட்டினார்கள். ஒரு எளிய சோதனை இருந்தது, யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. டிரைவில் எவ்வளவு இடம் பாவனையில் இருக்கிறது என்று பாருங்கள். போல்டர் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இடம் மட்டும் நிரம்பியிருக்கிறது என்றால் உங்கட சாமான் உள்ளேதான் இருக்கிறது.

வீட்டில் நடந்தால்

வரலாறு சொல்கிற முறையை இனி நேரே சொல்லிவிடுகிறோம். முதலில் வைஃபையை நிறுத்துங்கள், கேபிளைக் கழற்றுங்கள். பென்டிரைவைக் கழற்றி வேறு எந்தக் கணினியிலும் செருகாமல் வையுங்கள். சந்தேகமான எதையும் “என்னெண்டு பார்ப்பம்” என்று சொடுக்க வேண்டாம். திரையில் ‘உங்கள் கணினியில் வைரஸ், இதை இறக்குங்கள்’ என்று வந்தால் அதுவே அனேகமாக வைரஸ்.

இரண்டாவது, சுத்தம் செய்ய முதல் கொப்பி எடுங்கள். இதற்குச் சிறந்த வழி கணினியை விண்டோஸ் இல்லாமல் எழுப்புவது. தெரிந்த ஒருவரின் சுத்தமான கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென்னில் ஏற்றி, அந்தப் பென்னிலிருந்து உங்கட கணினியைத் தொடக்குங்கள். நிறுவத் தேவையில்லை, ‘ட்ரை’ என்று வருவதைத் தெரிவு செய்தால் போதும். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அங்கே எழும்பாது. விண்டோஸ் போட்ட ‘மறைந்தது’ என்ற அடையாளத்தை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். போட்டோ, ஆவணம், குறிப்புகளை மட்டும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுங்கள். நிரல்களையும் ஷோர்ட்கட்டுகளையும் எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, சுத்தம். விண்டோஸ் 10, 11 இல் டிஃபென்டர் கூடவே வருகிறது. அதில் ‘ஒஃப்லைன் ஸ்கேன்’ என்ற தெரிவு உண்டு. கணினி மீண்டும் எழும்பி, விண்டோஸ் முழுதாக ஓட முதல் தேடும். ஓடிக்கொண்டிருக்கிற வைரஸ் பிரெய்னைப் போலப் பொய் காட்டும் என்பதால், அது ஓடாத நேரத்தில் தேடுவதுதான் சரி. இரண்டு அன்டிவைரஸை ஒன்றாகப் போட வேண்டாம்; ஒன்றோடு ஒன்று அடிபடும்.

நான்காவது, வைரஸ் போன பிறகுதான் மறைந்ததை வெளியே எடுப்பது. முந்தி எடுத்தால் அது திரும்ப மறைக்கும். விடுதியில் அக்கா தட்டியது ‘அட்ரிப்’ என்ற கட்டளை. ஹெச், ஆர், எஸ் என்ற மூன்று எழுத்துகளுக்கும் முன்னால் கழித்தல் குறி போட்டு, உள்போல்டர்களுக்கும் சேர்த்து ஓட்டினால் குத்திய அடையாளங்கள் எல்லாம் கழன்றுவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லை என்றால், தாராளமாகப் போர்மட் அடியுங்கள். போர்மட் கெட்ட வேலை இல்லை. சில நேரம் அதுதான் முழுச் சுத்தம். அது கடைசி வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் கொடுத்தாலும் முதல் கேள்வி, “என்ர பைல்களைக் கொப்பி எடுத்தீங்களா?” என்பதாக இருக்கட்டும். முடிந்த பிறகு மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கப்பம் கேட்கிற வைரஸ் என்றால் விஷயம் வேறு. அது உள்ளடக்கத்தையே பூட்டுகிறது. 2017 மே 12இல் வன்னாக்ரை 150 நாடுகளுக்கும் மேல் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதத்துக்கு முந்தியே வெளியிட்டிருந்தது. பூட்டிய பைல்களையும் அழித்துவிடாதீர்கள். யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிஸும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ திட்டம் சில வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கொடுக்கிறது. இன்றைக்கு இல்லாத சாவி பிறகு வரலாம்.

இன்னொரு இடத்தில் ஒரு பிரதி

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவையைக் கப்ப வைரஸ் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசு நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அந்தக் காலத்துக்கு வேறு பிரதி இருக்கவில்லை என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே சொன்னது. தில்லையடியில் ஒரு வீடு விட்ட பிழையை ஒரு நாடும் விட்டது.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் போட்டோக்களைப் பாதுகாக்கச் சொன்ன ஒரு கணக்கு இன்றைக்கு எல்லாரும் சொல்கிற விதியாகிவிட்டது. மூன்று பிரதி வையுங்கள். இரண்டு வகையான பொருளில் வையுங்கள். ஒன்றையாவது வேறு இடத்தில் வையுங்கள். இதை முதன்முதல் வாசித்தபோது எங்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. 1990இல் எங்கட குடும்பத்தின் போட்டோக்களில் பிழைத்தவை எவை? கொழும்புக்கும் குவைத்துக்கும் கடிதத்தோடு போனவை. சினேகிதிக்கு ஞாபகத்துக்குக் கொடுத்தவை. வீட்டில் இருந்த எல்லாம் போயின. வேறு இடத்தில் இருந்தவை மட்டும் மிஞ்சின. உம்மும்மாவுக்கு அந்த விதியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ அன்புக்குக் கொடுத்தா. அது பிரதியாகிவிட்டது.

சாச்சாவுடன் சேர்ந்து இப்போது திரும்பத் தேடுகிறோம். மாமியிடமும் சினேகிதியிடமும் இருந்தவை கிடைத்தன, இருபத்தொரு படம். குவைத்துக் கூட்டாளியின் வீடு மாறி அல்பம் எங்கேயோ போய்விட்டது. மாமாவின் படம் அதில்தான் இருந்தது.

பழைய ஹாட் டிஸ்க்கை உம்மா எறியாமல் அலுமாரிக்குள் வைத்திருந்தா. போன விடுமுறையில் அதைக் கழற்றி, ‘போட்டோரெக்’ என்ற இலவச மீட்பு நிரலால் ஒரு இரவு முழுக்கத் தேடினோம். வேகமாக அடிக்கிற போர்மட் பைல்களின் அட்டவணையைத்தான் வெறுமையாக்கும். மேலே வேறு எதையும் எழுதாத வரை பழையது அடியில் கிடக்கும். எங்கட டிஸ்க்கில் மேலே எழுதியது, அன்பளிப்பாக வந்த அந்தப் படங்களும் பாட்டுகளும். விடிய முதல் ஆயிரக்கணக்கான பைல்கள் வந்தன. அனேகம் சினிமாப் போஸ்டர்களும் பாட்டுக் கசெட் அட்டைகளும். அவற்றுக்கு நடுவே ஒன்று: உம்மும்மாவின் வீட்டு முன்வாசல். மேல் பாதி மட்டும். ஓட்டுக் கூரையும் கதவு நிலையும் தெரிகிறது. கீழே வெறும் சாம்பல் நிறம்.

அந்தப் பாதிப் படத்துக்கு இப்போது மூன்று பிரதி இருக்கிறது. ஒன்று மாமியின் வீட்டில். இதை வாசித்து முடித்ததும் உங்கட போனிலும் கணினியிலும் உள்ள வீட்டுப் படங்களை இன்னொரு இடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள். பிறகு வைரஸ் வரட்டும், பார்ப்பம்.